இருபத்தோராவது விநாடி

சிஷ்யருக்கு வயது அறுபத்திரண்டு, டீச்சருக்கு நாற்பது. இப்படியும் நடக்கும். செங்குட்டுவன் மின்சார வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மங்களவல்லி திருச்சி தில்லைநகரில் மாடி வீடொன்றில் வயலின் சொல்லிக் கொடுப்பவர்.

ஓய்வு பெற்ற பிறகு செங்குட்டுவன் சொந்தமாக மெட்டுப் போட ஆரம்பித்தார். எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, சாருகேசி ராகத்தில் மூன்று நிமிஷத்துக்கு ஒன்று செய்து முடித்து, தாமே வயலினில் வாசித்துப் பதிவும் செய்தார். இசை ஆராய்ச்சி பற்றி பாட்காஸ்ட் நடத்தும் பேராசிரியை ஒருவர் அதைக் கேட்டு வாங்கினார். வாராவாரம் யாராவது ஓர் இசையமைப்பாளரின் சொந்தப் படைப்பைப் போட்டு நிகழ்ச்சியைத் தொடங்குவது அந்த அம்மாவின் வழக்கம். உங்கள் மெட்டு வேண்டும் என்று செங்குட்டுவனிடம் ஒருவர் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

நிகழ்ச்சி வந்தது. மெட்டு இருபது விநாடி கேட்டது. இருபத்தோராவது விநாடியில் பேராசிரியை பேச ஆரம்பித்தார். வயலின் அவர் குரலுக்கு அடியில் போய் அப்படியே காணாமல் போயிற்று. செங்குட்டுவன் பெயரைச் சொன்னார்கள், இல்லையென்று சொல்ல முடியாது. ஐம்பது நிமிஷம் கழித்து, கடைசியில் சொன்னார்கள். அதுவரைக்கும் யார் உட்கார்ந்திருப்பார்கள்?

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோற்றில் கை வைத்தபடியே போனைத் திறப்பார். எத்தனை பேர் கேட்டார்கள், யார் என்ன எழுதினார்கள் என்று பார்ப்பார். அவர் மனைவி ஒருநாள் போனை மிக்ஸிக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். அரை மணியில் இவர் கண்டுபிடித்துவிட்டார். பேராசிரியையின் பேச்சைப் பாராட்டி நாற்பது பேர் எழுதியிருந்தார்கள். இசையைப் பற்றி எழுதியது ஒரே ஒருவர்தான். ஆரம்பத்தில் வரும் வயலினைக் கொஞ்சம் சுருக்கலாமே என்று எழுதியிருந்தார். வயிறு எரியுமா எரியாதா?

மூன்றாம் வாரம் ஒரு கடிதத்தோடு டீச்சர் வீட்டுப் படியேறினார். போட்டால் மெட்டை முழுசாகப் போடுங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள் என்று பேராசிரியைக்கு எழுதியிருந்தார். அதை அனுப்பினால் தம்மை இனி அந்தப் பக்கம் கூப்பிட மாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும். கூப்பிட வேறு யாரும் இல்லை என்பதும் தெரியும். உட்காரச் சொன்னதற்கு உட்காராமல் ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தார்.

"அனுப்பட்டுமா டீச்சர்?"

மங்களவல்லி நிதானமாகப் படித்து, கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அது செங்குட்டுவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அந்த அம்மா பேச ஆரம்பிக்கிற எடத்துலதான் மெட்டு மேல ஏறுது. உசுரே அங்கதான் இருக்கு. அதை ஒருத்தர் காதுலயும் விழவிடலையே. எனக்கு மனசு ஆறல."

"நீங்க அதை எத்தனை தடவை கேட்டீங்க?"

"நூறு, நூத்தம்பது தடவை இருக்கும்."

டீச்சர் தம்முடைய வயலினை எடுத்து நீட்டி, மெட்டை முழுசாக வாசிக்கச் சொன்னார். நிகழ்ச்சி வந்த நாளிலிருந்து வயலினைத் தொடவே மனம் வரவில்லை என்று செங்குட்டுவன் முணுமுணுத்தார். ஆனாலும் டீச்சர் சொல்லைத் தட்ட முடியுமா? தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து சுருதி சேர்த்தார்.

நன்றாகத்தான் தொடங்கினார். கீழே நின்று நிதானமாக வந்த மெட்டு மேலே ஏறப்போகும் இடத்தில் வில் நின்றுவிட்டது. விரல் தப்பிவிட்டது என்று நினைத்து மறுபடி ஆரம்பித்தார். அதே இடத்தில் நின்றது. மூன்றாம் தடவையும் அப்படியே. எட்டு மாதம் பாடுபட்டுச் செய்த மெட்டு, இருபது விநாடிக்கு மேல் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. அவருக்கு நெற்றி வியர்த்தது. நிஜமாகவே பயந்துவிட்டார்.

வில்லை மடியில் வைத்தார்.

"அந்த எடம் வந்தாலே அந்த அம்மா குரல்தான் கேக்குது டீச்சர்," என்றார்.

"இங்க யாரும் பேசலையே சார்," என்றார் மங்களவல்லி.