கரையில் நின்ற தோணி

ரொம்பக் காலத்துக்கு முன்னால், தாழைநாடு என்ற கடலோர நாட்டை மானகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கொடுக்கும் மனசு அவனுக்கு உண்டு. ஆனால் கொடுப்பதை நாலு பேர் பார்க்க வேண்டும். அதற்காகவே ஒரு வழக்கம் வைத்திருந்தான். ராஜா எதைக் கொடுத்தாலும், வாங்குகிறவர் அவைக்கு நேரில் வந்து, தாம்பூலத்தோடு அவன் கையாலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். ஊசியானாலும் சரி, ஊரானாலும் சரி.

ஒரு பங்குனி மாதம், சங்குத்திட்டு என்ற தீவிலிருந்து கடலாயி என்பவள் கட்டுமரத்தில் வந்து சேர்ந்தாள். தீவுக்காரர்களுக்கு அவள் சொல்தான் சொல்.

"மகாராசா, வைகாசி பொறந்தா கச்சான் காத்து கெளம்பிரும். மூணு மாசத்துக்கு எங்க கட்டுமரம் இந்தக் கரைக்கு வராது. தீவுல மருத்துவச்சி கெடையாது. எம் மருமவ பவளக்கொடிக்கு ஆனியில பேறுகாலம். காத்தைத் தாங்குற மாதிரி ஒரு பெரிய தோணி குடுங்க சாமி" என்றாள்.

"தீவும் நம்முடையதுதானே அரசே" என்றார் அமைச்சர் கூத்தபிரான்.

"கொடுத்தோம்!" என்றான் ராஜா. அவை கைதட்டியது. கடலாயி கும்பிட்டுவிட்டுத் தீவுக்குத் திரும்பினாள்.

தோணி கட்டி முடிவதற்குள் வைகாசி கடைசியாகிவிட்டது. கச்சான் பேயாக அடித்தது. தோணிக்கு மாலை போட்டு, பாய்மரத்தில் சிவப்புக் கொடி கட்டி, துறையில் நிறுத்தினார்கள். அப்போதுதான் அவையில் உடையநம்பி என்ற பிரதானி எழுந்தார். அமைச்சரின் பேச்சு எடுபட்ட நாளெல்லாம் அவருக்குச் சோறு இறங்காது.

"அரசே, தோணியை அனுப்பிவிட்டால் நம் வழக்கம் என்னாவது? கடலாயி வந்து வாங்கிக்கொள்ளட்டும்."

"இந்தக் காற்றைத் தாண்டக்கூடியது இந்த ஒரு தோணிதான். அது இங்கே நிற்கிறது. அவள் எதில் வருவாள்?" என்றார் அமைச்சர்.

"வர மனமிருந்தால் வருவாள்!"

ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "கூத்தபிரான், இந்த வழக்கம் தப்பென்று என் வாயாலேயே சொல்லவையும், பார்ப்போம். அந்த நாழிகையே தோணி கிளம்பும்" என்றான்.

பதினோரு நாள் கழித்து ராஜாவின் பிறந்த நட்சத்திரம் வந்தது. அன்றைக்குக் குளத்தின் நடுவில் இருக்கும் நீராழி மண்டபத்தில் தனியாகக் குட்டித்தூக்கம் போடுவது அவன் பழக்கம். எழுந்து பார்த்தால் பரிசலைக் காணோம். அது எதிர்க்கரையில் நின்றது. பக்கத்தில் கூத்தபிரான், உடையநம்பி, மொத்த அவையும். நெய்ச்சோற்று வாசனை வேறு தண்ணீர் தாண்டி வந்தது. கடலுக்கே அதிபதி என்று பட்டம் வைத்துக்கொண்ட ராஜாவுக்கு நீச்சல் தெரியாது.

"பரிசலை அனுப்புமய்யா! பசிக்கிறது!"

"பரிசல் தங்களுக்கென்றே தயாராக இருக்கிறது அரசே. தாம்பூலமும் இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளுங்கள்."

"உமக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? பரிசல் இல்லாதவன் பரிசலை வாங்க எப்படி ஐயா வருவான்?"

சொல்லி முடித்ததும் ராஜாவுக்கே சுருக்கென்றது.

"வர மனமிருந்தால் வரலாம் என்று உடையநம்பி சொல்கிறார்" என்றார் அமைச்சர்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தான். கரையேறியதும் தன் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரான் கழுத்தில் போட்டான். "உடையநம்பி, தாம்பூலத் தட்டை நீரே ஏந்திக்கொண்டு தோணியில் போய், அந்த அம்மாளிடம் குனிந்து கொடுத்துவிட்டு வாரும்!" என்றான். அமைச்சரும் கூடப் போனார், ஒரு மருத்துவச்சியை அழைத்துக்கொண்டு. வழியெல்லாம் உடையநம்பி வாந்தி எடுத்தார். மாலுமிகள் சிரித்தார்கள்.

தீவுக் கரையில் கடலாயி ஒரு பச்சைக் குழந்தையோடு நின்றாள்.

"மருமகள் எங்கேம்மா?" என்றார் அமைச்சர்.

"மூணு நாளாச்சு சாமி. பிள்ளையைத்தான் காப்பாத்த முடிஞ்சிச்சு." அவள் மணல்மேட்டைக் காட்டினாள். "அங்கேருந்து பாத்தா உங்க துறை தெரியும். தோணியில செவப்புக் கொடி ஏறுனதுலேருந்து அவ அங்கேதான் உக்காந்திருந்தா. இன்னைக்கு வந்துரும், நாளைக்கு வந்துரும்னு நாந்தான் சொல்லிக்கிட்டே கெடந்தேன்."

உடையநம்பி குனிந்து தட்டை நீட்டினார். யாரும் சிரிக்கவில்லை. கடலாயி குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "இனிமே வர்றவளுகளுக்கு ஆவட்டும்" என்று வாங்கிக்கொண்டாள்.

கூத்தபிரான் முத்துமாலையைக் கழற்றித் தோணியின் முகப்பில் மாட்டினார். முதல் நாளே காலில் விழுந்து கெஞ்சியிருக்கலாம். நாமே துறைக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்திருக்கலாம். போனால் பதவிதானே போயிருக்கும்? சாமர்த்தியமாகச் செய்ய வேண்டும் என்று பிறந்த நட்சத்திரத்துக்குக் காத்திருந்தோமே என்று அவர் மனசு அறுத்தது.

செய்தி கேட்ட ராஜா அன்றைக்குச் சாப்பிடவில்லை. வழக்கத்தை ஒழித்தான். அதற்குப் பிறகு தாழைநாட்டில் கொடுப்பவர்கள்தான் தேடிப்போய்க் கொடுத்தார்கள். நல்லதுதான். ஆனால் வருஷங்கள் போனபின் அவையில் இந்த மண்டபத்துக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அப்போதெல்லாம் கூத்தபிரான் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவாராம்.

நானும்தான் பாதிவரைக்கும் சிரித்துக்கொண்டே சொன்னேன்.