நான்கு விரல் தடம்

ஞானக் கதைகளில் குருவுக்குத் தாடி இருக்கும். சீடனுக்குச் சந்தேகம் இருக்கும். அவர்கள் அமர்ந்து பேசிய இடத்தைக் காலையில் பெருக்கி வைத்தவளுக்கு ஒரு பெயர்கூட இருக்காது. இந்தக் கதையில் இருக்கிறது. அவள் பெயர் தெய்வானை. வயது நாற்பத்தாறு. கோயம்புத்தூரில் ஒரு கிளப்பின் பில்லியர்ட்ஸ் கூடத்தைப் பதினோரு ஆண்டுகளாகப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

குருவின் பெயர் ரெஜினா. வயது இருபத்தொன்பது. பந்தை அடிக்கும் கோல்களைப் பழுது பார்ப்பவள். கிளப்புக்குச் சொந்தமான கோல்களை அவளுடைய பட்டறைக்குத் தூக்கிப்போய்த் திரும்பக் கொண்டுவருவது தெய்வானையின் வேலை. ஒரு நாள் அவள், "எனக்கும் சொல்லிக் குடுப்பீங்களா?" என்று கேட்டாள். ரெஜினா ஓர் உப்புத்தாளைக் கிழித்து அவள் கையில் கொடுத்தாள். அன்றிலிருந்து இரண்டு ஆண்டுகள், ஞாயிறுதோறும் தெய்வானை மரத்தைத் தேய்த்தாள். பாலிஷ் புட்டியைத் தொட அவளுக்கு அனுமதி கிடைக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு அவள் சொல்லாமல் வந்து நின்றாள். வந்தவுடன் பட்டறையின் ஷட்டரை முக்கால்வாசி இறக்கினாள். முந்தானையால் மூடியிருந்த நீளப் பெட்டியை மேசைமேல் வைத்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"யாரோடது?" என்றாள் ரெஜினா.

"சிதம்பரநாதன் ஐயாவோடது."

ரெஜினா சற்று நேரம் பெட்டியைத் திறக்கவில்லை. சிதம்பரநாதன் ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி, கிளப்பின் செயலாளர். உறுப்பினர்களின் சொந்தக் கோலைப் பெருக்குபவர்கள் தொடக் கூடாது என்று பலகை எழுதி மாட்டியவர் அவர்தான். சென்ற ஆண்டு கிளப்பில் பெருக்கிக்கொண்டிருந்த ரஞ்சிதம் என்ற பெண் தூசு தட்டுவதற்காக இந்தப் பெட்டியைத் திறந்தாள். அதற்காக ஒரு பகல் முழுவதும் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்தாள். அதன்பின் அவளுக்கு எந்தக் கிளப்பிலும் வேலை கிடைக்கவில்லை.

ரெஜினா பெட்டியைத் திறந்தாள். கோலின் அடிப்பகுதியில், கண்ணாடிபோல் மின்னிய பாலிஷின் நடுவே, நான்கு விரல்கள் பதிந்திருந்தன. ரேகைகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன.

"எதைப் போட்டுத் துடைச்சீங்க?"

"பந்து துடைக்கிற ஸ்பிரிட்டுங்க."

"இது அரக்கு பாலிஷ். ஸ்பிரிட் பட்டா இளகிடும்."

"தெரியாதுங்க, மாஸ்டர்."

"எதுக்குத் துடைச்சீங்க?"

தெய்வானை தரையைப் பார்த்தாள். "என் கை பட்டது தெரியக் கூடாதுன்னு."

அவள் சொன்னதன் சுருக்கம் இது. தினமும் காலையில் கூடத்தில் யாரும் இல்லாத நேரம் அவள் அந்தக் கோலை எடுத்துப் பிடித்துப் பார்ப்பாள். மேசைமேல் குனிந்து, இல்லாத பந்தை ஒரு முறை குறிபார்ப்பாள். பிறகு ஸ்பிரிட் இல்லாமல், வெறும் துணியால் துடைத்து வைப்பாள். அன்று கைகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததால் ஸ்பிரிட்டை எடுத்தாள். துடைத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் புல்லட் வண்டிச் சத்தம் கேட்டது. அவருடைய வண்டி. பயத்தில் கை கோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. வந்தவர் அலுவலக அறைக்குப் போய்விட்டார். விரல்கள் மட்டும் கோலில் தங்கிவிட்டன.

"போலீஸ்காரர் ஸ்டிக்குல போய் ரேகை வச்சிருக்கீங்களே அக்கா," என்றாள் ரெஜினா. "வேற ஆளே கிடைக்கலையா?"

"சிரிக்காதீங்க மாஸ்டர். சாயந்தரம் ஆறு மணிக்கு ஐயாவுக்கு ஆட்டம் இருக்கு. அஞ்சரைக்குப் பெட்டியைத் திறப்பாரு. மேலே கனமா ஒரு பூச்சு பூசி மறைச்சுக் குடுத்துருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"மேலே பூசினா உள்ளே காயாது. அவர் கையில ஒட்டும்."

"அப்ப நீங்களே சரி பண்ணுங்க. உங்களுக்கு ஒரு மணி நேரம் போதும்."

"போதும்தான். ஆனா விரல் என்னோடது இல்லையே."

ரெஜினா உப்புத்தாளை எடுத்து நீட்டினாள்.

இளகியது இறுகும் வரை காத்திருந்து, தெய்வானை மரத்தின் போக்கிலேயே தேய்த்தாள். அது அவளுக்குத் தெரிந்த வேலை. ஒரு மணி நேரத்தில் விரல்கள் மறைந்தன. அந்த இடம் மட்டும் வெளுத்து, மொட்டையாக, ஊர் முழுக்கத் தெரியும்படி நின்றது.

ரெஜினா பஞ்சை உருட்டி, பழைய வேட்டித் துணியில் கட்டி, அரக்கில் நனைத்தாள்.

"கை ஓடிக்கிட்டே வந்து மரத்தைத் தொடணும். ஓடிக்கிட்டே விலகணும். மரத்துமேல கை நிக்கக் கூடாது. நின்னா ஒட்டும். ஒட்டினா பிய்ச்சுக்கிட்டு வரும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

தெய்வானை தொடங்கினாள். மூன்று முறை கை சரியாக ஓடியது. நான்காவது முறை வெளியே புல்லட் சத்தம் கேட்டது. கை நின்றது. துணி ஒட்டி, பாலிஷைப் பிய்த்துக்கொண்டு வந்தது.

பக்கத்துக் கடை புல்லட் பழுது பார்க்கும் கடை. ஞாயிறன்று மூடியிருக்கும், மற்ற நாட்களில் கால்மணிக்கொரு வண்டி உறுமும். ரெஜினா அதை முன்பே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுபடியும் உப்புத்தாள். மறுபடியும் பூச்சு. மறுபடியும் வண்டி. இரண்டாம் முறையும் பிய்ந்தது, மூன்றாம் முறையும் பிய்ந்தது. மணி மூன்று. தெய்வானையின் ரவிக்கை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. ஷட்டருக்குக் கீழே தெரிந்த ஒவ்வொரு காலையும் அவள் பார்த்தாள். காக்கியா, இல்லையா?

துணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"இந்தப் பயம் எப்பத்தான் போகும் மாஸ்டர்?"

ரெஜினா எழுந்து போய் ஷட்டரை மேலே வரை தூக்கினாள். வெயிலும் சாலையும் உள்ளே வந்தன. பிறகு கைப்பேசியை எடுத்தாள்.

"சார், வணக்கம். ரெஜினா பேசறேன். உங்க ஸ்டிக் என் பட்டறையில இருக்குது. பாலிஷ் கெட்டுப்போயிருக்கு. அஞ்சு மணிக்கு வாங்க." சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "யார் கொண்டு வந்தாங்கன்னு நேர்ல வந்து கேளுங்க சார்."

தெய்வானைக்குக் காது அடைத்தது.

"அடிப்பாவி," என்றாள். இரண்டு ஆண்டுகளில் அவள் ரெஜினாவை மாஸ்டர் என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லி அழைத்ததில்லை. "என்னைப் புடிச்சுக் குடுத்துட்டியே! நீயெல்லாம் ஒரு மனுஷியா?"

"அக்கா, ஸ்டிக்கைப் பிடிக்க ஒரு கை வேணும். பூச ஒரு கை வேணும். நீங்க பண்ணினதையும் ஒளிச்சுப் பிடிச்சுக்கிட்டு இருந்தீங்க. அதுக்கு உங்ககிட்டக் கை இல்லை."

தெய்வானை வாசலுக்கு ஓடினாள். சாலை வரை போனாள். அங்கிருந்து பேருந்து ஏறினால் சொந்த ஊருக்குப் போய்விடலாம். போனால் திருடி என்று பெயர் நிற்கும். அவள் திரும்பிப் பார்த்தாள். மேசைமேல் கோல் மொட்டையாகக் கிடந்தது. பக்கத்தில் அரக்கில் நனைத்த துணி காய்ந்துகொண்டிருந்தது. இன்னும் சிறிது நேரம் போனால் அது கல்லாகிவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.

திரும்பி வந்தாள். ரெஜினாவைப் பார்க்காமல் துணியை எடுத்தாள்.

கை நடுங்கியது. நடுங்கியபடியே ஓடியது. வண்டிகள் உறுமின. ஒவ்வொன்றுக்கும் வயிறு கலங்கியது. மணி நான்கானது. நான்கே முக்கால் ஆனபோது அவள் துணியை வைத்தாள். வெளுத்த இடம் எது என்று அவளுக்கே தெரியவில்லை.

ஐந்து மணிக்குப் பக்கத்துக் கடையைத் தாண்டி வந்து பட்டறை வாசலில் ஒரு புல்லட் நின்றது.

சிதம்பரநாதன் நேராக மேசைக்குப் போய்க் கோலைத் தூக்கிப் பார்த்தார். வெளிச்சத்தில் உருட்டினார். கட்டைவிரலால் தடவினார்.

"எங்கேம்மா கெட்டிருக்கு? நல்லாத்தானே இருக்கு? யார் கொண்டு வந்தது?"

ரெஜினா தன் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்குள் ஒரு பொய் தாராளமாக நுழைந்து வெளியேறியிருக்கலாம். கிளப் கோல்களோடு தவறி வந்துவிட்டது என்றால் போதும், அவர் நம்பியிருப்பார்.

"நான்தான் கொண்டு வந்தேனுங்க ஐயா," என்றாள் தெய்வானை. "நான்தான் கெடுத்தேன். நான்தான் சரி பண்ணினேன்."

அவர் அப்போதுதான் அவளைப் பார்த்தார். "நீ யாரு? கிளப்புல கூட்டறவதானே?"

"ஆமாங்க. பதினோரு வருசமா."

"என் ஸ்டிக்கை எதுக்குத் தொட்டே?"

"புடிச்சுப் பார்க்கத்தாங்க."

"எத்தனை தடவை?"

அவள் மேசையைப் பற்றிக்கொண்டாள். "தினமும் காலையில ஆறரைக்கு. ஏழு வருசமாங்க."

சிதம்பரநாதன் முகம் சிவந்தது. சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். காவல் நிலையத்தின் எண் அவருக்கு மனப்பாடம். ஆனால் பழைய போலீஸ் பழக்கம் விடவில்லை. புகாருக்கு முன் சேதத்தைக் குறிக்க வேண்டும்.

"எந்த இடம்? காட்டு."

தெய்வானை காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். சன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். நகத்தால் நிரடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. மறுபடியும் காட்டச் சொன்னார். அவள் மறுபடியும் நான்கு விரல்களை நீட்டி, அதே இடத்தின்மேல் தொடாமல் வைத்தாள். அவர் நீண்ட நேரம் பார்த்தார். கைப்பேசியைப் பையில் போட்டார்.

"நாளையிலிருந்து நீ வர வேண்டாம்," என்றார். கோலைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். புல்லட் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

தெய்வானை தரையில் உட்கார்ந்தாள். அரக்கு ஒட்டிய விரல்களை முந்தானையில் துடைத்தாள். பிறகு கேட்டாள்:

"நான் வாயை மூடிக்கிட்டிருந்தா வேலை இருந்திருக்கும். நான் பேசினது சரியா, தப்பா மாஸ்டர்?"

"பேசும்போது நடுவுல நிறுத்தினீங்களா?"

"இல்லைங்க."

"அப்ப ஒட்டியிருக்காது," என்று சொல்லி ரெஜினா பாலிஷ் புட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

தெய்வானைக்குக் கிளப் வேலை போனது. எட்டு மாதங்கள் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். ஒன்பதாம் மாதம் ரெஜினாவின் பட்டறையில் இரண்டாவது மேசை போடப்பட்டது, அது அவளுடையது. ஆண்டுக்கொரு முறை சிதம்பரநாதனின் கோல் ஓட்டுநர் கையில் அந்த மேசைக்கு வருகிறது. அவர் வருவதில்லை. வெளியே புல்லட் சத்தம் கேட்டால் அவளுக்கு இன்றும் வயிறு கலங்குகிறது. கை நிற்பதில்லை.