ஹாரன் ஊமையான நாள்

பேரூராட்சித் தலைவர் பொன்னுரங்கம், ஹாரன் அடித்தே ஊரை ஓரம் தள்ளுகிறவர். அன்று கோயில் திருவிழாவில் அவருக்குப் பரிவட்டம். பாதி வழியில் கார் கொதித்து, ஆவி விட்டு நின்றுவிட்டது.

"ரேடியேட்டர் ஃபேன் சுத்தலைங்கய்யா. அதுக்கு கரண்டு விடுற ரிலே போயிடுச்சு. இன்னைக்குக் கடையும் இல்லை," என்றான் டிரைவர் சடையப்பன்.

"பரிவட்டம் போச்சுன்னா உன் வேலையும் போச்சுடா!"

முருகனை வேண்டிக்கொண்டு, அதே மாதிரி இருந்த ஹாரன் ரிலேயைப் பிடுங்கி அங்கே மாட்டினான். ஃபேன் ஜம்மென்று சுற்றியது. ஹாரன்தான் ஊமையாகிவிட்டது.

கோயில் தெருவில் ஒரே கூட்டம். "அடிடா ஹாரனை!"

"இன்னைக்கு ஹாரன் நீங்கதாங்கய்யா. தலையை வெளியே நீட்டிக் கும்பிடுங்க, வழி விடுவாங்க."

வேறு வழியில்லாமல் கும்பிட்டார்.

"அடியே, தலைவரு நம்மளைக் கும்பிடுறாருடி!" என்று பெண்கள் குலவை போட்டு வழிவிட்டார்கள். பரிவட்டமும் கிடைத்தது.

மறுநாள் சடையப்பன் புது ரிலேயோடு வந்து நின்றான்.

"அதை உள்ளே வைடா," என்றார் தலைவர். "தேர்தல் முடியட்டும், மாட்டிக்கலாம்."