வழுக்குப்பாறையில் விழுந்த அடி

கட்டையன் ஒரு காட்டுப்பன்றி. அதற்கு வேகம் கிடையாது. ஆட்டத்தில் காயை நாசூக்காக வளைத்துக் கொண்டுபோகும் சாமர்த்தியமும் கிடையாது. ஆனால் அது ஒரு முறை மோதினால், மோதப்பட்டவன் எழுந்திருக்க நேரமாகும். அதனால்தான் பள்ளக்கரை அணி அதைச் சேர்த்துக்கொண்டது.

ஆட்டம் நடப்பது மலையடிவாரத்து வழுக்குப்பாறையில். ஓடைத் தண்ணீர் பாறைமேல் மெல்லிசாகப் பரவி ஓடும். பாசி படிந்து வழவழவென்று கிடக்கும். காலை வைத்தால் போதும், அது பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போகும். மழைக்காலம் முடிந்ததும் மிருகங்கள் அங்கே கூடி விளாங்காய் உருட்டும். மேட்டுக்கரை ஓர் அணி, பள்ளக்கரை ஓர் அணி. எதிரணியின் குழிக்குள் காயைத் தள்ளினால் வெற்றி.

காய் வைத்திருப்பவனை எதிரே வந்து தோளோடு தோள் மோதலாம். காய் இல்லாதவனைத் தொடக்கூடாது. பார்க்காதவனை மோதவே கூடாது. சட்டம் இவ்வளவுதான்.

பள்ளக்கரைக்குப் பயிற்சி கொடுத்தது மொட்டைவால் என்ற குரங்கு. பாறைமேல் சாய்ந்திருந்த மருதமரக் கிளையில் உட்கார்ந்துகொண்டு ஆட்டம் முடியும்வரை கத்திக்கொண்டே இருக்கும். நடுவர் நாரையம்மா. பாறை நடுவே ஒற்றைக்காலில் நிற்கும். தப்பு நடந்தால் அலகைத் தட்டும், ஆட்டம் நின்றுவிடும்.

அன்றைக்குப் பள்ளக்கரை தோற்றுக்கொண்டிருந்தது. மேட்டுக்கரையின் சுழியன் என்ற புள்ளிமான் யார் கையிலும் சிக்கவில்லை. இடைவேளையில் மொட்டைவால் பன்றியைக் கூப்பிட்டது.

“கட்டையா, இங்க வா! அந்தச் சுழியனை உன்னால துரத்திப் பிடிக்க முடியுமா?”

“முடியாதுண்ணே.”

“அப்புறம் ஏன் துரத்துற? காயைப் பார்க்காதே, அவனைப் பாரு. அவன் உன்னைப் பார்க்காத நேரம் பாரு.”

“பார்க்காதவனை மோதக்கூடாதே அண்ணே?”

“மோதுன்னு நான் சொன்னேனா? பாருன்னுதானே சொன்னேன்!” என்று பல்லைக் காட்டியது குரங்கு.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. சுழியன் காயை முட்டி, தூரத்தில் நின்ற தன் கூட்டாளியிடம் தள்ளிவிட்டது. காய் ஒழுங்காகப் போகிறதா என்று தலையைத் திருப்பிப் பார்த்தது.

அந்த நொடியில் கட்டையனுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. காய் போய்விட்டது. சுழியன் தன்னைப் பார்க்கவில்லை. குளம்பை அழுத்தினால் நின்றுவிடலாம்.

கட்டையன் நிற்கவில்லை.

‘மடார்’ என்று சத்தம் கேட்டது. மான் பாறையில் சுழன்றுகொண்டே போய், விளிம்புக் கல்லில் தலை இடிக்க விழுந்தது.

“அப்படிப் போடு!” என்று பள்ளக்கரை அணி கூத்தாடியது, கரையில் எருமைகள் முக்காரம் போட்டன. “இன்னொரு தடவை! இன்னொரு தடவை!” என்று கிளிகள் கத்தின. பிறகு ஒவ்வொரு குரலாக அடங்கியது. சுழியன் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே அதன் கால்கள் ஓடிக்கொண்டிருந்தன.

நாரையம்மா அலகைத் தட்டியது. மேட்டுக்கரைக்காரர்கள் சேர்ந்து மானைத் தூக்கி நிறுத்தினார்கள்.

“ஆட்டம் ஆரம்பிச்சாச்சா?” என்று கேட்டது சுழியன்.

“முடியப்போகுதுடா.”

“ஓ!” என்றது மான். சுற்றுமுற்றும் பார்த்தது. “ஆட்டம் ஆரம்பிச்சாச்சா?” என்று மறுபடி கேட்டது.

ஒரு கிளி சிரித்தது. வேறு யாரும் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து கட்டையனுக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கிழங்கு தோண்டப் போனால் பாதிக் குழியிலேயே விட்டுவிட்டு வந்தது. சேற்றில் புரண்டால் உடனே எழுந்தது. எழுந்ததும் எங்கே போவதென்று தெரியவில்லை. கடைசியில் கால்கள் தாமாகவே மான்கள் தங்கும் மூங்கில் புதருக்குப் போயின.

புதர் வாசலில் சுழியனின் அம்மா நின்றது.

“எதுக்கு வந்தே?”

“சும்மா... பார்த்துட்டுப் போகலாம்னு...”

“பாரு. நல்லாப் பாரு! புலி வாடை அடிச்சா நாங்க எல்லாரும் ஓடுறோம். இவன் எந்தப் பக்கம் ஓடுறதுன்னு தெரியாம நின்ன இடத்துலயே சுத்துறான். நேத்து நானும் இவன் தங்கச்சியும் முட்டித் தள்ளித்தான் இழுத்துட்டு வந்தோம். நாளைக்கு நாங்க பக்கத்துல இல்லைன்னா?”

உள்ளே சுழியன் நிழலில் படுத்திருந்தது. கட்டையனைப் பார்த்தது. அடையாளம் தெரிந்ததாகத் தோன்றவில்லை. “வெளிச்சம் கண்ணைக் குத்துதும்மா” என்று மட்டும் சொன்னது.

“நான் வேணும்னு...” என்று ஆரம்பித்தது கட்டையன். ‘வேணும்னு செய்யலை’ என்றுதான் சொல்ல வந்தது. வாய் வரவில்லை.

“கிளம்பு!” என்றது தாய்மான்.

மறுநாள் காலையில் விசாரணை. காடே வழுக்குப்பாறைக்கு வந்துவிட்டது. ஆளாளுக்குப் பேசினார்கள்.

“இனி ஜென்மத்துக்கும் இவனைப் பாறையில ஏத்தக்கூடாது!” என்றது மேட்டுக்கரையில் ஆடும் வெண்காது முயல்.

“என்னங்கடா அநியாயம்! மோதாம ஆடணும்னா புல்லு மேயப் போங்க. இது ஆட்டம்!” என்றது ஓர் எருமை.

“காய் போன பின்னாடி சுழியன் ஏன் தலையைத் திருப்பணும்? தன் தலையைத் தான்தானே பார்த்துக்கணும்?” என்றது ஒரு கிளி.

மொட்டைவால் கிளையிலிருந்து பணிவாகக் குனிந்தது. “நாரையம்மா, வழுக்குப்பாறை வழுக்கத்தான் செய்யும். பாவம், பையன் நிக்கத்தான் பார்த்தான். கால் வழுக்கிடுச்சு. அப்படித்தானே கட்டையா?”

தப்பிக்க வழி அங்கே திறந்து கிடந்தது. தலையை ஆட்டினால் போதும். கட்டையன் ஒரு காலை மாற்றி வைத்தது. மறுகாலை மாற்றி வைத்தது.

“வழுக்கலை” என்றது. “நிக்க இடம் இருந்துச்சு. அவன் என்னைப் பார்க்கலைன்னு தெரிஞ்சுதான் மோதினேன்.”

நாரையம்மா கழுத்தை நீட்டியது.

“மோதச் சொல்லி யாராவது சொன்னாங்களா?”

கட்டையன் மேலே பார்த்தது. குரங்கு தன் தொடையில் மும்முரமாகப் பேன் தேடிக்கொண்டிருந்தது.

“மோதுன்னு யாரும் சொல்லலை” என்றது கட்டையன். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. மீதியை அது விழுங்கிவிட்டது.

“அப்படின்னா கேட்டுக்கோ!” என்றது நாரையம்மா. “சுழியன் மறுபடி இந்தப் பாறையில கால் வைக்கிற வரைக்கும் நீயும் வைக்கக்கூடாது. அவனுக்கு எவ்வளவு காலமோ, உனக்கும் அவ்வளவு காலம்.”

“சரியான தீர்ப்பு!” என்றது பாதிக் கூட்டம். “ரொம்பக் கொடுமை!” என்றது மீதிக் கூட்டம். பேசிப் பேசிக் களைத்துப்போய் எல்லாரும் கலைந்தார்கள்.

தண்டனை கிடைத்துவிட்டால் மனசு ஆறிவிடும் என்று கட்டையன் நினைத்திருந்தது. ஆறவில்லை. விழுங்கிய மீதி, தொண்டையில் சிக்கிய முள்ளைப்போல அதை உறுத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த ஆட்டம் வந்தது. கட்டையன் கரையோரம் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தது. அதன் இடத்தில் இப்போது பாறையன் என்ற காட்டெருமைக் காளை ஆடியது. கட்டையனைவிட நாலு மடங்கு கனம். மேட்டுக்கரையில் சுழியன் இல்லாத குறையை வெண்காது முயல் தீர்த்துவைத்தது. பாறையனின் காலிடுக்கில் புகுந்து காயைக் கொண்டுபோனது.

இடைவேளையில் மொட்டைவால் காளையின் காதருகே தொங்கியது. கட்டையன் நின்ற இடத்துக்கு அந்தக் குரல் நன்றாகவே கேட்டது.

“காயைப் பார்க்காதே, முயலைப் பாரு. அவன் உன்னைப் பார்க்காத நேரம் பாரு.”

கட்டையனுக்குப் பிடரி மயிர் சிலிர்த்துக்கொண்டது. கரையில் முன்னும் பின்னும் ஓடியது. கத்தலாமா? யார் நம்புவார்கள்? பாறையில் கால் வைத்தால் தீர்ப்பை மீறியதாகிவிடும். வைக்காவிட்டால்?

வெண்காது காயைத் தள்ளிவிட்டுத் தலையைத் திருப்பியது. பாறையன் வேகமெடுத்தது. முயலோ முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

கட்டையன் தடாலென்று பாறைமேல் பாய்ந்தது.

“ஏய் முயலே! திரும்பிப் பாரு! குதி!”

வெண்காது திரும்பியது. கண்ணெல்லாம் காளையாக இருந்தது. எப்படிக் குதித்தோம் என்று அதற்கே தெரியாது. அது நின்ற இடத்தைக் கடந்து போன பாறையன், நிற்க முடியாமல் வழுக்கிக்கொண்டே போய்க் கரைச் சேற்றில் முகம் குத்தி விழுந்தது.

நாரையம்மா படபடவென்று அலகைத் தட்டியது.

முதலில் வாய் திறந்தது மொட்டைவால்தான். “பார்த்தீங்களா! தீர்ப்பை மீறிட்டான்! தன்னை வெளியே தள்ளின பொறாமை! இவனைக் காட்டை விட்டே விரட்டணும்!”

“விரட்டுங்க!” என்று கிளிகள் சேர்ந்துகொண்டன.

“என்னை என்ன வேணும்னாலும் செய்யுங்கம்மா” என்றது கட்டையன். அதற்கு மூச்சிரைத்தது. “அன்னிக்கு நான் பாதிதான் சொன்னேன். மோதுன்னு யாரும் சொல்லலைதான். அவன் பார்க்காத நேரம் பாருன்னு சொன்னது இந்த மொட்டைவால். இன்னிக்கும் அதே வார்த்தையைத்தான் இந்தப் பாறையன் காதுல ஊதினார். வேணும்னா கேட்டுப் பாருங்க.”

பாறையன் சேற்றிலிருந்து எழுந்தது. அது சூது தெரியாத பிராணி.

“ஆமாம், சொன்னார்” என்றது. “எனக்குத் தடை போட்டுடுவாங்களேன்னு கேட்டேன். போட்டா போகட்டும், நீ போனா இன்னொருத்தன் இருக்கான், முயல் போனா அவங்களுக்கு யாரு இருக்கான்னு சொன்னார்.”

எருமைகள்கூட முக்காரம் போடவில்லை.

“நான் யாரையாவது தொட்டேனா?” என்று கீச்சிட்டது குரங்கு. “இந்தப் பாறையில என் விரல் நுனியாவது பட்டிருக்கா? சொல்லுங்க!”

நாரையம்மா ஊன்றியிருந்த காலை மாற்றியது. மறுபடி மாற்றியது. அதுவும் நிலைகொள்ளாமல் தவித்தது எல்லாருக்கும் தெரிந்தது.

“பட்டதில்லை” என்றது. “நானும் யார் தோள் பட்டுதுன்னு மட்டும்தான் பார்த்தேன். ஒருத்தனை வெளியே அனுப்பினா நீ இன்னொருத்தனை உள்ளே விடுவேன்னு யோசிக்கலை. என் தீர்ப்பு பாதித் தீர்ப்பு. மொட்டைவாலு, மரத்தை விட்டு இறங்கு! இனிமே உன் குரல் இந்தப் பாறைக்குக் கேக்குற தூரத்துல நீ இருக்கக்கூடாது. பாறையனும் இந்தப் பருவம் கரையிலதான். பள்ளக்கரை அந்த இடத்துல ஆள் போடாம ஒரு ஆள் குறைச்சலாவே ஆடணும்.”

“நாங்க என்னம்மா பண்ணினோம்?” என்று பள்ளக்கரை அணியில் ஒரு மிளா மான் முனகியது.

“அவன் சொல்றதைக் கேட்டுக்கிட்டு நின்னீங்க. சுழியன் விழுந்தப்போ கூத்தாடினீங்க. இனிமே உங்க ஆளு தப்பா ஓடினா நீங்களே பிடிச்சு நிறுத்துங்க.”

மிளா தலையைத் தொங்கப்போட்டது. குரங்கு மரத்திலிருந்து இறங்கிப் போனது. போகும்போது யாரும் வழிவிட்டு மரியாதை செய்யவில்லை, யாரும் கல்லெறியவும் இல்லை.

“முயலைக் காப்பாத்தினவன் கட்டையன்! ஏவினவனும் பிடிபட்டுட்டான். கட்டையனை மறுபடி ஆடவிடலாமே?” என்றது கூட்டத்தில் ஒரு குரல். “ஆமாம், ஆமாம்!” என்று நிறையக் குரல்கள் எழுந்தன.

கட்டையனின் காதுகள் நிமிர்ந்தன. தன்னை மறந்து ஓரடி முன்னால் வந்தது.

“இல்லை” என்றது நாரையம்மா. “இன்னிக்குப் பாறையில கால் வச்சதுக்கு உன்னை ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா குரங்கு சொன்னது வாயால. நிக்க இடமிருந்தும் நிக்காதது நீ. அவனுக்குக் கொடுத்தது அவன் பங்கு. உன் பங்கு உனக்கு அப்படியேதான் இருக்கு.”

கட்டையனின் காதுகள் மடங்கின. கண்ணில் நீர் முட்டியது. “சரிங்கம்மா” என்று சொல்லிவிட்டுக் கரையேறியது.

அந்தப் பருவம் முழுக்கச் சுழியன் ஆடவில்லை. புலி வாடைக்குத் திசை பார்த்து ஓடக் கற்றுக்கொள்ளவே அதற்கு அடுத்த மழை வந்துவிட்டது. கட்டையனும் ஆடவில்லை. ஆனால் பாறையில் யாராவது முதுகைக் காட்டி நின்றால், இப்போதெல்லாம் எதிரணியிலிருந்தே “பார்த்துடா!” என்று ஒரு குரல் வந்தது.

ஏவியவனின் குற்றம் அடித்தவனின் குற்றத்தைக் குறைக்காது. ஆனால் அடித்தவனை மட்டும் தண்டித்தால் அடி ஒருநாளும் நிற்காது.