முந்தானை மாத்திக்கிட்ட மதினிமார்

இந்தக் கதையை எனக்கு முதல்ல சொன்னது என் கடைசி மக ஆவுடை. விவசாயக் காலேஜ்ல சேந்த வருசம் தீபாவளிக்கு வந்தவ, குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேச்சுக்கிட்டே சொன்னா. நான் என் போக்குல சொல்றேன். நீ "ம்" கொட்டணும், என்ன?

ஒரு வயல்ல ஒரு நெல்லுப் பயிர். பயிருக்குள்ள கதிர், கதிருக்குள்ள கண்ணை மூடிக்கிட்டு ஒரு பூ. பூவுக்குள்ள மகரந்தப் பை, பைக்குள்ள பொட்டு மாதிரி ஒரு வீடு. அந்த வீட்டுல இருபத்து நாலு பேரு. எல்லாரும் நூலு மாதிரி, சிலந்தி நூலை விட மெலிசு. பன்னிரண்டு பேரு அம்மா வழி, பன்னிரண்டு பேரு அப்பா வழி. வகைக்கு ரெண்டு பேரு, அந்த வழியில ஒருத்தி, இந்த வழியில ஒருத்தி. காலேஜ்ல குரோமோசோம்னு சொல்வாங்களாம். நமக்கு அவங்க மதினிமாரு. ம்?

அதுல அம்மா வழியில ஒருத்தி தைலி. அவ சேலையில "நெல்லு செவப்பா விளையணும்"னு அவ அம்மா எழுதி விட்டிருந்தா. முந்தானையில "தண்ணியிலயே நில்லு"னு எழுதியிருந்துச்சு. தைலிக்கு அந்தச் சேலைன்னா உசிரு.

அப்போ வீட்டுக்கு ஒரு சேதி வந்துச்சு. வீடு நாலாகப் போகுது. ஒவ்வொரு வீட்டுக்கும் வகைக்கு ஒருத்தியா பன்னிரண்டு பேரு போகணும். ஒருத்தி குறைஞ்சாலும் அந்த வீடு உள்ள ஒண்ணுமில்லாம சுருங்கிப் போயிரும். நாலு வீட்டுக்கு ஆளு பத்தாது, அதனால ஒவ்வொருத்தியும் கண்ணாடியில பாத்த மாதிரி தன்னைப்போலவே ஒருத்தியை உண்டாக்கி, இடுப்போட ஒட்டி வச்சிக்கிட்டா.

அப்புறம் சரசரன்னு எல்லாரும் ஜோடி தேடுனாங்க. தைலிக்கு ஜோடி அப்பா வழிப் பேச்சி.

"ஏ மதினி, இங்கன இருக்கியா! பிரியப் போறவங்க முந்தானை மாத்திக்கிடணும்லா? கொண்டா."

"ஆத்தாடி! எங்கம்மா குடுத்த சேலை. கத்திரி வைக்க விடமாட்டேன்."

"உன் முந்தானையில என்ன, நஞ்சைக்குப் பட்டாவா எழுதியிருக்கு?"

சுத்தி எல்லா ஜோடியும் சுருக்கு சுருக்குன்னு வெட்டித் தைக்குது. பேச்சி ரெண்டாந்தரம் கேட்டா. தைலி முகத்தைத் திருப்பிக்கிட்டா.

அப்போ சுவருக்கு வெளிய சர்ர்... சர்ர்ர்னு கயிறு திரிக்கிற சத்தம்.

பேச்சி குரல் இறங்கிப் போச்சு. "மதினி, அந்தக் கயிறு ரெண்டு பக்கத்துல இருந்தும் இழுக்கும். முந்தானை மாத்தித் தைச்சாத்தான் நமக்குள்ள முடிச்சு விழும். முடிச்சு இருந்தாத்தான் நீ கிழக்க, நான் மேற்கன்னு திசை பிடிபடும். இல்லேன்னா ரெண்டு பேரும் ஒரே பக்கம் அடிச்சிக்கிட்டுப் போயிருவோம். ஒரு பக்கம் ஆளு கூடி, மறுபக்கம் குறைஞ்சு, வீடு அத்தனையும் பாழு. மூணாந்தரம் கேக்கேன், குடு."

தைலி கண்ணை மூடிக்கிட்டா. 'அம்மா, பதராப் போறதுக்கா எனக்கு இத்தனையும் எழுதி விட்டே?'

"வெட்டு மதினி. மெதுவா."

சுருக்கு. வலிக்கல. பேச்சி முந்தானை வந்து ஒட்டுச்சு: "மழை இல்லேன்னாலும் வேரை ஆழமா விடு."

அப்புறம் சுவரு மஞ்சு மாதிரிக் கரைஞ்சு போச்சு. கயிறு வந்து இடுப்பைப் பிடிச்சுது. அங்க இழுக்க, இங்க இழுக்க, முடிச்சு விண்ணுன்னு நின்னுச்சு. ரெண்டு பேரும் நட்டநடுவுல ஊஞ்சல்ல நிக்கிற மாதிரி நின்னாங்க. அப்புறம் முடிச்சு தானா நழுவுச்சு.

"போயிட்டு வாரேன் மதினி"ன்னா தைலி.

"எங்கட்டி வரப்போறே? சேலையை அழுக்காக்காம வச்சுக்கோ!"

பேச்சி மேற்க மிதந்து போனா, தைலி கிழக்க. ம் சொல்லு... தூங்கிட்டியா?

அங்கயும் கயிறு வந்துச்சு. இந்தத் தரம் இடுப்போட ஒட்டியிருந்த கண்ணாடிக்காரி பிரிஞ்சா. போகும்போது தைலி பாத்தா, அம்மா குடுத்த பழைய முந்தானை முழுசா அவகிட்ட இருக்கு! கத்திரி படவே இல்ல. தைலிக்குச் சிரிப்பும் அழுகையும் சேந்து வந்துச்சு.

நாலு வீடு, நாலு மகரந்தத்தூள். வெயில் ஏறினதும் பூ கண்ணைத் திறந்துச்சு. உஸ்ஸ்னு காத்து. தைலி வீடு பறந்து பக்கத்துப் பூவுல உக்காந்து, ஒரு நெல்லாச்சு. அதை விதைச்ச அடுத்த போகத்துல மழை இல்ல. வயலெல்லாம் வாடிச்சு. அது மட்டும் வேரை ஆழமா விட்டுச் செவப்பா விளைஞ்சுது, சாமி புண்ணியம்.

கதை வயல்ல சாஞ்சாச்சு, நீயும் சாஞ்சுக்கோ. நாளைக்கு வயப்பக்கம் போனா, பூத்த கதிரைத் தொடாத கண்ணு. கொஞ்ச நேரந்தான் திறந்திருக்கும்.