முன்னும் பின்னும் ஒன்றும் ஒட்டாத எண்

செங்கழுநீர் திருமணத் தகவல் நிலையத்தில் சடகோபன், வேதமுத்து, அரங்கண்ணல் என்று மூன்று பேர் வேலை பார்த்தார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். அவர்களிடம் இருந்த குறை அது ஒன்றுதான்.

ஒருநாள் காலையில் முதலாளி ஏகாம்பரத்தின் செல்போன் கிணற்றில் விழுந்தது. மறுநாள் ஒரு நிச்சயதார்த்தம். அதற்குப் பேசியிருந்த மண்டபத்தில் குழாய் வெடித்து முழங்கால் அளவு தண்ணீர். வேறு மண்டபம் கிடைத்துவிட்டது. ஆனால் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லாவிட்டால் அவர்கள் வேன் நேரே தண்ணீரில் வந்து நிற்கும்.

ஏகாம்பரம் ஒரு கடையின் லேண்ட்லைனிலிருந்து நிலையத்துக்குப் பேசினார். தனித்தமிழ்ப் பற்றாளர், நாக்கே போனாலும் ‘நம்பர்’ என்று சொல்லமாட்டார்.

"மாப்பிள்ளையோட அப்பா குடும்ப வரலாறு எழுதி அனுப்பினாரே, நாற்பது பக்கம், அதுக்குள்ள எங்கயோ இருக்கு. எண்ணை மட்டும் எடுங்க. எடுத்ததும் மண்டபம் மாறினதை அவருக்குச் சொல்லிடுங்க."

எண்ணோடு ஐ சேர்ந்தால் எண்ணை. எள்ளோடு நெய் சேர்ந்தால் எண்ணெய். இலக்கணம் தெளிவாகத்தான் இருக்கிறது. காதுகளைத்தான் நம்ப முடிவதில்லை.

மூவரும் நாற்பது பக்கத்தையும் அச்செடுத்துச் செக்குக்குத் தூக்கிப் போனார்கள்.

"காகிதத்துல எப்படிப்பா எண்ணெய் வரும்?" என்றார் செக்குக்காரர்.

"உள்ள இருக்குன்னு முதலாளியே சொன்னாருங்க," என்றான் வேதமுத்து.

"பதினாலாம் பக்கத்தை மட்டுமாவது ஆட்டிப் பாருங்க," என்றான் அரங்கண்ணல். "அதுல தாத்தா வடைக்கடை வெச்சிருந்தாராம்."

ஏகாம்பரத்தின் தமிழை அறிந்த செக்குக்காரர், "அவர் கேட்டது நம்பரய்யா," என்று விரட்டிவிட்டார்.

அச்செடுத்துக் கொடுத்த ஜெராக்ஸ் கடை நஸீமா உதவிக்கு வந்தாள். "எண்ணோட அமைப்பைச் சொன்னா கணினியே தேடிடும்ணே," என்று, பத்து இலக்கம் தொடர்ந்து வரும் இடத்தைத் தேடச் சொன்னாள். முதலில் ஒன்று கிடைத்தது. பார்த்தால், மாப்பிள்ளையின் பன்னிரண்டு இலக்க அடையாள எண்ணின் முன்பகுதி.

"மிச்சம் ரெண்டைத் தர்மத்துக்கு விட்டுடலாம்," என்றான் அரங்கண்ணல்.

"அது ஆகாதுண்ணே. பத்து இலக்கம், ஆறுலேர்ந்து ஒன்பதுக்குள்ள ஒண்ணுல தொடங்கணும், முன்னாலயும் பின்னாலயும் எதுவும் ஒட்டக் கூடாது. இதை எழுதி வெச்சுக்குங்க."

ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டார்கள். முப்பத்தோராம் பக்கத்தில், பெரியப்பா காசிக்குப் போனதற்கும் பசு கன்று போட்டதற்கும் நடுவில், எண் அகப்பட்டது. நிலையத்துக்குத் திரும்பி மூவரும் போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"முதல்ல ஹலோ சொல்லலாமா?" என்றான் சடகோபன்.

வேதமுத்து சீட்டைப் பார்த்தான். "அது முன்னால ஒட்டுதே."

"அப்ப மண்டபம் மாறினது?"

"அது பின்னால ஒட்டுது."

சடகோபன் எண்ணை அழுத்தினான். எதிர்முனையில் எடுத்ததும், அவருடைய எண்ணையே பத்து இலக்கமும் பிசகாமல் அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டு வைத்துவிட்டான்.

உடனே போன் அடித்தது. திரையில் அதே எண். மூவரும் எண்ணிப் பார்த்தார்கள், பொருந்தியது. பின்னால் ஏதும் ஒட்டிவிடுமுன் வேதமுத்து துண்டித்தான். மறுபடி அடித்தது.

சாயங்காலம் அதே கடையிலிருந்து ஏகாம்பரம் கூப்பிட்டார். "எண் கிடைச்சுதா?"

"கிடைச்சுதுங்க," என்றான் சடகோபன். "அவரே ஏழு தடவை கூப்பிட்டு உறுதிப்படுத்திட்டாரு. ஒரு இலக்கம்கூட மாறல."

"சரி, அவர் என்ன சொன்னார்? வண்டி எந்த மண்டபத்துக்கு வருது?"

சடகோபன் போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தான். பிறகு சீட்டைப் பார்த்தான்.

"மன்னிக்கணுங்க. நீங்க பேசற எண் பூஜ்யத்துல தொடங்குது," என்று சொல்லித் துண்டித்துவிட்டான்.