தலைகீழ் ரயிலும் வியாழக்கிழமை டைம்டேபிளும்

கொழிஞ்சிக்காட்டுப்புதூருக்குப் பஸ் வரத்தான் செய்கிறது. ஆனால் அதில் ஏறுகிற உள்ளூர்க்காரர்கள் குறைவு. பஸ் வாசலில் 'படியில் நிற்காதீர்' என்று எழுதியிருக்கிறது. எழுதி வைத்ததை மீறுகிற பழக்கம் அந்த ஊரில் யாருக்கும் கிடையாது. ஆகையால் படியில் கால் வைக்காமல், தரையிலிருந்து ஒரே தாவலில் உள்ளே போய் விழத் தெரிந்தவர்கள்தான் இதுவரை வெளியூர் பார்த்திருக்கிறார்கள். சென்னியப்பன் குடும்பம் நன்றாகத் தாவும். அதனால்தான் இந்தக் கதையே நடந்தது.

சென்னியப்பன் தேங்காய்க் களம் வைத்திருப்பவர். வயது நாற்பது. நல்ல மனிதர், உழைப்பாளி. யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார், அது ஒன்றுதான் அவரிடம் குறை. அவருக்கு மிருதுளா, தன்யா என்று இரண்டு பெண்கள். பெரியவள் ஆறாவது, சின்னவள் மூன்றாவது. மனைவி பூங்கொடி, பூங்கொடியின் அண்ணன் நாச்சிமுத்து, சென்னியப்பனின் தம்பி தொரசாமி ஆகிய மூவரும் அதே வீட்டில் அதே குறையோடு இருந்தார்கள்.

மாட்டுத்தீவனக் கடையில் நடந்த குலுக்கலில் அவர்களுக்கு ஒரு கூப்பன் விழுந்தது. 'குதூகலபுரி' என்ற தீம் பார்க்குக்கு ஆறு பேர் இலவசமாகப் போய் வரலாம். ஆனால் வியாழக்கிழமை மட்டும்தான் செல்லும். அங்கே ஒரு ரயில் இருக்கிறது. தண்டவாளத்தோடு வானத்தில் ஏறி, தலைகீழாகக் கவிழ்ந்து, திரும்பி வரும். கண்ணை மூடாமல் அதில் போய் வரப்போவதாக மிருதுளா அன்றைக்கே வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். அந்த வாரம் முழுக்க ராட்டினத்தையோ வளையல் கடையையோ பற்றி அவள் பேசவில்லை, ரயிலைப் பற்றித்தான் பேச்சு.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் உண்டே. சென்னியப்பன் லீவு கேட்கப் போனார். தலைமை ஆசிரியை எஸ்தர் டீச்சரின் அறை வாசலில் நிற்கும்போதே மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். முப்பது வருஷத்துக்கு முன்னால் அவருக்கும் கணக்கு எடுத்தது இதே எஸ்தர் டீச்சர்தான். அவருடைய நோட்டில் டீச்சர் 'திருத்தி எழுதுக' என்று போட்டதுண்டு, 'பெற்றோரை அழைத்து வா' என்று போட்டதுண்டு. 'நன்று' என்று ஒரு தடவைகூடப் போட்டதில்லை. களத்தில் எத்தனை தேங்காய் குவிந்தாலும் அந்தக் குறை மட்டும் அவர் நெஞ்சில் அப்படியே கிடந்தது.

"லீவு தர்றேன்," என்றார் டீச்சர். "ஆனா ஒரு பீரியட்கூட வீணாகக் கூடாது. இங்க எப்படியோ அங்கயும் அப்படியே நடக்கணும். என்ன படிச்சாங்கன்னு நோட்டுல எழுதிக் கொண்டுவந்து காட்டுங்க. ஒழுங்கா இருந்தா நன்று போடறேன்."

சென்னியப்பனுக்குக் கடைசி வார்த்தை காதில் விழுந்ததும் கண் கலங்கிவிட்டது. சுவரில் ஒட்டியிருந்த ஆறாம் வகுப்பு டைம்டேபிளை ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொண்டு வந்தார். தன்யாவுக்கு அந்த ஒரு நாள் மட்டும் மூன்று வகுப்பு பிரமோஷன் கிடைத்தது.

வியாழக்கிழமை காலை, பார்க் வாசலில் செக்யூரிட்டி அவர்கள் பையைத் திறந்து பார்த்தார். ஒரு கரும்பலகை, சாக்பீஸ் டப்பா, வருகைப் பதிவேடு, எவர்சில்வர் தாம்பாளம், தோசைக் கரண்டி.

"வெளிச் சாப்பாடு உள்ள விடமாட்டோம். தட்டு எதுக்கு?"

"சாப்பாடு இல்லீங்க, அது மணி," என்றார் தொரசாமி.

செக்யூரிட்டி அடுத்த பையைத் திறக்காமலே விட்டுவிட்டார்.

சீருடையில் இருந்த பிள்ளைகளை நீரூற்றுக்கு எதிரே நிறுத்திப் பிரேயர் நடந்தது. பூங்கொடி உறுதிமொழி சொன்னாள். சென்னியப்பன் பதிவேட்டைப் பிரித்துப் பெயர் கூப்பிட்டார். இரண்டு பேர் 'உள்ளேன் ஐயா' சொன்னார்கள். மொத்த வருகை இரண்டு என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அவர் தாம்பாளத்தில் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினார். பார்க்கில் இதுவும் ஒரு காட்சி என்று நினைத்துச் சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

முதல் பீரியட் கணக்கு. கணக்கு வாத்தியார் நாச்சிமுத்து. பிள்ளைகளை நேராகத் தலைகீழ் ரயிலின் வரிசைக்கு அழைத்துப் போனார். வரிசையில் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும், அதுதான் பாடம். எண்ணுகிற வரைக்கும் யாரும் நகரக் கூடாது என்று முன்னால் நின்றவர்களிடம் கேட்டுக்கொண்டார். அவர்கள் கேட்கவில்லை. ஆகையால் திரும்பத் திரும்ப முதலிலிருந்து எண்ண வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. நூற்று நாற்பது, தொண்ணூறு, நாற்பத்தேழு. மிருதுளா காலை மாற்றி மாற்றி வைத்து எட்டிப் பார்த்தாள். அவர்களுக்கு முன்னால் பதினொரு பேர் நிற்கும்போது தாம்பாளம் ஒலித்தது.

"மாப்ள, மணி அடிச்சுப்போட்டீங்களா?" என்றார் நாச்சிமுத்து.

"நாப்பது நிமிஷம் ஆயிருச்சுங்க மச்சான்."

"அடுத்தது என்ன?"

"தமிழுங்க."

நாச்சிமுத்து யோசித்தார். "கணக்கு வரிசைல நின்னுக்கிட்டுத் தமிழ் எடுக்கலாமா?"

"எடுத்தா அது கணக்குல சேருமா, தமிழ்ல சேருமா?" என்று தொரசாமி கேட்டார். மூவரும் நெடுநேரம் விவாதித்து, எதிலும் சேராது என்று முடிவு செய்து, வரிசையை விட்டு வெளியே வந்தார்கள்.

"அப்பா, இன்னும் பதினொரு பேர்தாம்ப்பா," என்றாள் மிருதுளா.

"அதைத்தான் கண்ணு நோட்டுல எழுதோணும்," என்றார் சென்னியப்பன்.

தமிழுக்குப் பூங்கொடி பேய் வீட்டைத் தேர்ந்தெடுத்தாள். வரிசையில் நின்றபடி சொல்வதெழுதல் முடித்து, உள்ளே நுழைந்து, இருட்டில் பத்தடி நடந்திருப்பார்கள். கறுப்புத் துணி போர்த்திய பேய் ஒன்று கையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து வந்தது. அதே சமயம் வெளியே மணி அடித்தது.

"பீரியட் முடிஞ்சுருச்சுங்க தம்பி," என்று பூங்கொடி அதனிடம் சொன்னாள். "நாளைக்குப் பார்ப்போம்."

பிள்ளைகளை வரிசையாக வந்த வழியே திருப்பி அழைத்துப் போனாள். பேய் தூக்கிய கையைக் கீழே போடாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

அறிவியல் தொரசாமியிடம் இருந்தது. ராட்டினத்தின் வரிசையில் நிறுத்தி, "இது எதனால சுத்துது?" என்று கேட்டு, "கரண்ட்டால சுத்துது," என்று அவரே பதிலும் சொன்னார். பாடம் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. மீதி முப்பத்தொன்பது நிமிஷமும் பிள்ளைகள் வாயில் விரல் வைத்து அமைதி காத்தார்கள். அவர்கள் முறை வரும் நேரத்துக்குச் சரியாக மணி அடித்தது.

சாப்பாட்டு வேளையில் தன்யா அழுதாள். மிருதுளா அழவில்லை. அவள் டைம்டேபிளைப் படித்து வைத்திருந்தாள். மதியம் முதல் பீரியட் என்ன என்று அவளுக்குத் தெரியும்.

"அப்பா, அடுத்தது பி.டி. பீரியட். பி.டி.ன்னா விளையாட்டுத்தானே?"

சென்னியப்பன் காகிதத்தைப் பார்த்தார். விளையாட்டு என்றுதான் இருந்தது. அவருக்கும் மனசு குளிர்ந்துவிட்டது. தன் பெண் ஆசைப்பட்டதும் டீச்சர் சொன்னதும் ஒரே கட்டத்தில் வந்து உட்காரும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. ஓங்கி மணி அடித்தார்.

நல்ல நேரம் வந்தால் வாசலும் தானாகத் திறக்கும் போலிருக்கிறது. சீருடை, பதிவேடு, கரும்பலகை எல்லாவற்றையும் பார்த்த பார்க் சூப்பர்வைசர், "ஸ்கூல் குரூப்பா? ஸ்கூல் குரூப்புக்குத் தனி வழிங்க, வரிசையே கிடையாது," என்று ஒரு கதவைத் திறந்துவிட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் தலைகீழ் ரயில் காலியாக நின்றது. மிருதுளா ஓடிப்போய் முதல் பெட்டியில், முதல் சீட்டில் உட்கார்ந்தாள். கண்ணை அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டாள்.

"மாப்ள, ஒரு நிமிஷம்," என்றார் நாச்சிமுத்து. அவர் முகம் இருண்டிருந்தது. "வியாழக்கிழமை பி.டி. பீரியட்டை நம்மூர் ஸ்கூல்ல யாரு எடுக்கறாங்க?"

அது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

"எஸ்தர் டீச்சர் எடுத்துக்குவாங்க," என்றாள் தன்யா. பாவம், குழந்தைக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "பி.டி. சாரைப் போகச் சொல்லிட்டுக் கணக்கு நடத்துவாங்க."

"எப்பவாச்சுமா?"

"எல்லா வாரமும் மாமா."

சென்னியப்பன் ரயிலைப் பார்த்தார். முதல் சீட்டில் இமைக்காமல் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார். எழுந்து வா என்று சொல்ல அவருக்கு மனசே வரவில்லை. ஆனால் இங்க எப்படியோ அங்கயும் அப்படியே என்று டீச்சர் சொல்லியிருக்கிறார்.

"எறங்கு கண்ணு," என்றார் மெதுவாக. "கணக்கு."

மிருதுளா இறங்கினாள். ரயில் அவள் இல்லாமல் மேலே ஏறிக் கவிழ்ந்தது. அதற்கு நேர் கீழே, பெஞ்சில் உட்கார்ந்து, அவர்கள் பின்னங்களைக் கூட்டினார்கள்.

நாலு பத்துக்கு நீண்ட மணி அடித்தது. பள்ளி விட்டாயிற்று. மிருதுளா பையைத் தூக்கிக்கொண்டு ரயிலை நோக்கி ஓடினாள். தொரசாமி பின்னாலேயே ஓடிப் பிடித்துவிட்டார். 'பள்ளி விட்டதும் வழியில் எங்கும் நிற்காமல் நேரே வீடு செல்க' என்று ஊர்ப் பள்ளியின் கேட்டிலேயே பெயின்ட்டில் எழுதியிருக்கிறது. அப்புறம் என்ன செய்வது. நேரே வீட்டுக்குக் கிளம்பினார்கள். வழியில் எங்கும் நிற்கக் கூடாது என்பதால், பஸ் நின்ற ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆறு பேரும் பஸ்ஸுக்குள்ளேயே முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை எஸ்தர் டீச்சர் மிருதுளாவின் நோட்டைப் பிரித்தார். சென்னியப்பன் பக்கத்தில் கை கட்டி நின்றார். கணக்கு: முன்னால் பதினொரு பேர். அறிவியல்: கரண்ட். அதற்குக் கீழே கடைசி வரி, 'ரயில் தலைகீழாகப் போனது. நான் கீழே இருந்து பார்த்தேன்.'

"நீ ஏறலையாம்மா?"

"பி.டி. பீரியட்லதான் ஏறியிருக்கணும் டீச்சர். அது கணக்குக்குப் போயிருச்சு."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். எத்தனை வியாழக்கிழமைகள் என்று மனசுக்குள் கூட்டிப் பார்த்தாரோ என்னவோ, அவருக்கு வெட்கமாக இருந்தது.

"சென்னியப்பா, நாளைக்குச் சனிக்கிழமை, லீவு. மறுபடியும் கூட்டிட்டுப் போங்க, டிக்கெட் என்னோடது. மணியும் வேண்டாம், நோட்டும் வேண்டாம். பள்ளிக்கூடத்தைச் சுத்தமா மறந்துட்டுப் போங்க. என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன். இதை மட்டும் ஒழுங்காச் செஞ்சீங்கன்னா, உங்களுக்கே நான் நன்று போடறேன்."

சென்னியப்பனுக்குத் தரையில் கால் பாவவில்லை. மகள் நோட்டில் அல்ல, அவருக்கே நன்று. முப்பது வருஷத்துக்கு அப்புறம்.

சனிக்கிழமை காலை பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது நான்கு பெரியவர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள். தன்யா ஏதோ நினைப்பில், "எங்க மிஸ்..." என்று ஆரம்பித்தபோது பூங்கொடி அவள் வாயில் ஒரு முறுக்கை வைத்தாள். மிருதுளா தலைகீழ் ரயிலில் நான்கு தடவை போய் வந்தாள். நான்கு தடவையும் கண்ணை மூடவில்லை. ஒரு தடவை அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்தாள். அவர் போகும்போது ஒரு கூச்சல், வரும்போது ஒரு கூச்சல் போட்டார். மகள் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். அப்படி ஒரு சந்தோஷமான நாள் அந்தக் குடும்பத்துக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

திங்கட்கிழமை காலை பத்தரை மணி. பெண்கள் இருவரும் வாசலில் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தார்கள். சென்னியப்பனின் போன் அடித்தது.

"சென்னியப்பா, பிள்ளைங்க ரெண்டு பேரும் ஏன் ஸ்கூலுக்கு வரல?"

"எந்த ஸ்கூலுங்க?"

"நான் எஸ்தர் டீச்சர் பேசறேன்."

"கோவிச்சுக்காதீங்க," என்றார் சென்னியப்பன் பணிவாக. "உங்களை ஆருன்னு தெரியலீங்களே."

போனை வைத்துவிட்டு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். கஷ்டமான பரீட்சைதான். ஆனால் ஓர் இடத்திலும் தவறவில்லை.

"ஆருங்க போன்ல?" என்று பூங்கொடி எட்டிப் பார்த்தாள்.

"ஆரோ ஒரு அம்மா. அதை விடு பூங்கொடி. இந்தத் தடவை எனக்கு நன்று நிச்சயம்."

பூங்கொடிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அப்படிங்களா. ஆருங்க போடுவாங்க?"

சென்னியப்பன் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். பிறகு பெருமையாகத் தலையை ஆட்டினார்.

"அதைத்தான் சுத்தமா மறந்துட்டேன்."